படுகளத்து மண்ணும் சர்க்கார் முத்திரையும்

திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் செல்வோர் தென்பெண்ணையைக் கடக்கும் இடத்தில் மூங்கில்துறைப்பட்டு இருக்கிறது. கரும்பு வண்டிகளையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் கொண்டே வெளியூரார் அவ்வூரை அறிவர். ஆயினும் செஞ்சி வரை பரந்த இவ்வட்டாரத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. கோடைநாளில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசன்று, வேடந்தரித்த நடிகர் நெடிய கம்பத்தின் உச்சிக்கு ஏறுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அடியில் ஈரப்புடவையுடன் காத்திருப்பர். கடைசி நாள் படுகளம்.

அன்று வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பல பாகம் நீளமுள்ள மண்ணுரு அது. முறுக்கிய மீசை, விழித்த கண், வர்ணம் தீட்டிய மார்பு, யாவும் ஈரமண்ணில் அந்த ஒரு நாளுக்காகவே செய்யப்பட்டவை. வீமனும் துரியோதனனும் அந்த உருவைச் சுற்றியும் அதன்மீதேறியும் போரிடுவர். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த செந்நீர் பீறிடும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். பிறகு காந்தாரியின் ஒப்பாரி. பகைவன் மாண்டதற்கும் அழும் ஜனங்களை நாம் வேறெங்கு காண்போம்? அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. மாலையில் தீமிதி. அடுத்த மழையில் துரியோதனன் கரைந்து போவான்.

1965-ம் வருஷம் ஜெர்மனியின் டூசெல்டார்ப் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற சிற்பி, தலையில் தேனும் தங்கத்தாளும் பூசி, செத்த முயலொன்றை ஏந்திக்கொண்டு அதற்குச் சித்திரங்களை விளக்கினார். ஜனங்கள் வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தனர். சிற்பமும் நடிப்பும் கூடிக் கண்ணுக்கெட்டாத அனுபவத்தைத் தருவது நவீன கலை என்று மேனாட்டார் கொண்டாடினர். நம் நாட்டுக் கலைக்கல்லூரிகளிலும் அது பாடமாயிற்று. பாய்ஸை நாம் குறைகூறவில்லை. கண்ணாடியே இல்லாத படுகளம் அப்பாடங்களில் ஏன் இடம்பெறவில்லை என்றுதான் கேட்கிறோம்.

காரணம் தெரியாததன்று. 1953-ல் தொடங்கிய சங்கீத நாடக அகாடமிக்குக் கூத்து உரியது. 1954-ல் தோன்றிய லலித கலா அகாடமிக்குச் சிற்பம் உரியது. இரண்டும் ஒன்றாய்க் கிடக்கும் படுகளம் எந்த வாசலில் போய் நிற்பது? 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மிகவும் மகிழ்ந்தோம். ஆனால் அது பெட்டியில் அடைத்து விற்கத்தக்க பொருளுக்கான முத்திரை. படுகளத்தில் விற்பதற்கு என்ன மிஞ்சுகிறது? கேரளத்துக் கூடியாட்டம் யுனெஸ்கோ பட்டியலில் 2008-ல் சேர்ந்தது. நமது தெருக்கூத்து இன்னும் சேரவில்லை. (அமெரிக்கரான ஹில்டெபெய்டெல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988 முதல் பெரும் நூல்களே எழுதினார். நம்மவர் எத்தனை பேர் அவற்றைப் புரட்டினரோ!)

கூத்தாடுவோரின் பெயரையாவது ஊரார் சொல்வர். மண்ணுருவைப் பிசைந்தவர் யாரென்று கேட்டால் பல இடங்களில் மௌனமே பதில். 2019-ல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அதிகாரிகள் முதற்காரியமாக ஊர்தோறும் அவர்களுடைய பெயர்களையும், உருவின் அளவுகளையும், மண்ணெடுக்கும் முறையையும், தொழிலை யாருக்குக் கற்பித்து வருகின்றனர் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் அதைச் செய்யலாம். ஒரு குமாஸ்தாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.