டர்போ பொருத்திய எஞ்சினில் திறன் குறைவதேன்?

மோட்டார் எஞ்சினைத் திருத்தியமைத்து அதன் திறனை உயர்த்தும் முயற்சி இன்று பந்தயக்காரர்களோடு நின்றுவிடவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியற் கல்லூரிகளிலும் மாணவர்கள் எஞ்சினொன்றை எடுத்து, அதில் பெரிய டர்போவும் அகன்ற புகைக்குழாயும் பொருத்திச் சோதித்துப் பார்க்கின்றனர். அவ்வாறு திருத்திய எஞ்சின் எதிர்பார்த்த திறனைத் தராதபோது, பலரும் செய்யும் முதற்காரியம் காற்றின் அழுத்தத்தை இன்னும் சிறிது உயர்த்துவதேயாகும். எஞ்சின்கள் பாழாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். குறை வேறெங்கோ இருக்க அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், பிஸ்டனின் தலை உருகித் துளைபட்டுப் போகும். ஆதலின் குறையைக் கண்டறியும் முறையை அறிந்துகொள்ளுதல் பயிற்றுவோருக்கு இன்றியமையாதது. (இவ்வகைத் திருத்தங்கள் சோதனைக்கூடத்துக்கும் பந்தயத் தடத்துக்குமே உரியவை. பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது.)

புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவே. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்பிரட் பூக்கி இக்கருத்துக்கு 1905 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இக்கருவியை நூல்களில் மிகையூட்டி என்றும் அழுத்தமூட்டி என்றும் பலவாறு எழுதுகின்றனர். பட்டறையில் டர்போ என்றால்தான் விளங்கும். இக்கட்டுரையிலும் அப்பெயரையே கையாளுவோம்.

எஞ்சினின் திறன் அது எரிக்கும் எரிபொருளைப் பொறுத்தது. எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவோ சிலிண்டருக்குள் சென்ற காற்றின் எடையைப் பொறுத்தது. அழுத்தத்தையன்று, எடையை என்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தமானியின் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு, காற்று நிறையச் செல்கிறது என்று முடிவு செய்வதே இத்துறையில் காணும் பெரும்பிழை.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால், அது உட்கொள்ளுவது 6,000 லிட்டர். 30 டிகிரி வெப்பநிலையில் இதன் எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். இப்பொழுது டர்போவைக் கொண்டு அழுத்தத்தை இருமடங்காக்குவோம். 14 கிலோ கிடைக்குமென்று எண்ணத் தோன்றும், கிடைக்காது. சைக்கிள் பம்பினால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை எல்லாரும் தொட்டறிந்திருப்போம். வகுப்பில் இதனையே செய்து காட்டலாம். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. சூடான காற்று விரிந்து எடை குறைகிறது. நல்ல நிலையிலுள்ள டர்போவில்கூட இருமடங்கு அழுத்தத்துக்குக் காற்றின் வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 125 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். அப்போது சிலிண்டருக்குச் செல்வது 10½ கிலோவே. இண்டர்கூலர் எனும் குளிர்விப்பான் அக்காற்றை 50 டிகிரிக்கு இறக்கித் தருமானால், அதே அழுத்தத்தில் 13 கிலோ செல்லும். இரு நிலைகளிலும் முள் நிற்குமிடம் ஒன்றே, திறனோ வெவ்வேறு.

இதன் மறுபுறமும் உண்டு. சிலிண்டர் தலையின் துவாரங்களை வழவழப்பாக்கி அகலப்படுத்திய எஞ்சினில், காற்று தடையின்றி உட்செல்வதால் அழுத்தமானி முன்னிலும் குறைவாகக் காட்டக்கூடும், திறன் கூடியிருக்கும். காற்று எதிர்கொள்ளும் தடையும் சேர்ந்தே அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை மறத்தலாகாது.

காற்றின் எடைக்கும் திறனுக்குமுள்ள தொடர்பை மலையுச்சியில் நிகழ்ந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிற்று. 1918 இல் சான்போர்டு மாஸ் என்பவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு ‘லிபர்ட்டி’ விமான எஞ்சினைக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்தபின் 356 தந்தது. எஞ்சினில் யாதொரு பழுதுமில்லை, குறைந்தது காற்றே. நம் நாட்டில் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் மூன்றில் இரண்டு பங்கே. அங்குப் பணிபுரிவோர் டர்போ எஞ்சினைச் சோதிக்கும்போது, வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டும் காட்டும் மானியை நம்பிவிடலாகாது.

இனிச் சோதனைக்கு வருவோம். திருத்தியமைத்தவர் 280 குதிரைத்திறன் எதிர்பார்த்தார், டைனமோமீட்டர் 205 காட்டியது என்று கொள்வோம். முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இவ்விரு எண்களும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்பது. 280 என்பது எஞ்சினின் அச்சில் கிடைக்கும் திறன். 205 என்பது வண்டிச் சக்கரத்தில் அளந்தது. இடையில் கியர்ப்பெட்டியும் டயரும் ஏறத்தாழ 15 விழுக்காட்டை விழுங்கினால், எஞ்சின் உண்மையில் தருவது 241. எனவே தேடவேண்டிய குறை 75 அன்று, 39 தான். மேலும், சோதனை அறையில் வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது. முன்னால் வைத்த விசிறி போதாதெனில் இண்டர்கூலர் சூடாகி, மூன்றாம் ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் குறைவாகவே காட்டும். பாதிக் குறை இவ்வாறே மறைந்துபோவதுண்டு.

அடுத்து, வேண்டிய அழுத்தம் கிடைக்கிறதா, எப்பொழுது கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அழுத்தம் தாமதமாக ஏறினால், டர்போவுக்கு முன்னுள்ள புகைக்குழாய்ப் பகுதியில் வெடிப்போ, இணைப்பில் கசிவோ இருக்கலாம். உபரி வாயுவை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் எனும் கதவு முழுதும் மூடாமலும் இருக்கலாம். அழுத்தம் உரிய காலத்தில் ஏறி, அதிவேகத்தில் சரிந்தால் காரணம் வேறு: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், வேஸ்ட்கேட்டின் சுருள்வில் வலுவிழந்து வாயுவின் தள்ளலுக்குத் திறந்துகொள்ளலாம், டர்போவே சிறியதாயிருக்கலாம். இன்னொன்றைப் பலர் காணத் தவறுகின்றனர். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர்க்குழாய் மென்மையானதாயின், முழுவேகத்தில் உறிஞ்சலால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் பழையபடி நிமிர்ந்துவிடும். பட்டறையில் நின்ற நிலையில் எத்தனை முறை பார்த்தாலும் அதில் குற்றம் தெரியாது.

கசிவைக் கண்டறிய எளிய வழியுண்டு. எஞ்சினை நிறுத்தி, டர்போவின் வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, அதன் வழியே குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, குழாய் இணைப்புகளிலெல்லாம் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் விலையுயர்ந்த பாகங்களை மாற்றியபிறகே இதனைச் செய்கின்றனர்.

உட்செல்லும் காற்றை வடிகட்டிக்கருகில் அளந்து, அதற்கேற்ப எரிபொருளைத் தெளிக்கும் வண்டிகளில் கசிவு இன்னொரு தீங்கையும் விளைவிக்கிறது. அளந்த காற்று வழியில் தப்பிவிட, எரிபொருள் மட்டும் முழு அளவில் வந்துசேரும். கலவை செறிந்து கரும்புகை எழும். அதைக் கண்டவர் எரிபொருள் மிகுதி என்று தெளிப்பைக் குறைத்தால், நோயை விட்டு அடையாளத்துக்கு மருந்திட்டதாகும்.

அழுத்தமும் சரி, கசிவுமில்லை, திறன் மட்டும் குறைவு என்றால், பரிசோதனை எஞ்சினுக்குள் நகர்கிறது. உட்குழாயில் காற்றின் வெப்பநிலையை அளக்க வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவியைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பின்னழுத்தத்தையும் அறியலாம். உருகி அடைத்துப்போன வினையூக்கிப் பெட்டி இதில் அகப்படும்.

எரிபொருளைப் பற்றி ஒரு சொல். பெட்ரோல் முழுதும் எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். ஆகவே, அதே காற்றுக்கு எத்தனால் கலந்த பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை நம் நாட்டில் 2023 இல் தொடங்கியது. முன்னைய எரிபொருளுக்கென எல்லையளவில் அமைத்த பம்பும் தெளிப்பான்களும், இதனோடு முழுச்சுமையில் போதாமற் போகலாம். அப்பொழுது கலவை மெலிந்து, சிலிண்டரில் தட்டல் உண்டாகும். அந்நிலையில் அழுத்தத்தை உயர்த்துவது எஞ்சினைக் கொல்வதற்கொப்பாகும்.

தட்டலைக் கேட்டவுடன் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. ஓட்டுபவருக்கு ஓசையும் கேளாது, விளக்கும் எரியாது. திறன் மட்டும் போய்விடும். ஆகையால் கருவியின் பதிவேட்டைப் படித்து, தீப்பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியுள்ளது என்பதைப் பார்த்தேயாக வேண்டும். அழுத்தம் மிகுந்தால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதும் பொறிக்குக் கடினம். வழக்கமான ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை 0.7 அளவுக்குக் குறைத்ததும் திக்கல் நின்ற எஞ்சின்கள் பல.

சில குறைகள் வடிவமைப்பிலேயே வைக்கப்பட்டவை. ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1962 இல் வெளியிட்ட ‘ஜெட்பயர்’ கார் இதற்குச் சான்று. அதன் 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் 215 குதிரைத்திறன் உடையது. தட்டலைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தனித்தொட்டியிலிருந்து காற்றோடு கலக்கப்பட்டது. தொட்டி வற்றினால் ஒரு வால்வு மூடிக்கொண்டு, டர்போவின் அழுத்தத்தை எஞ்சினுக்குச் செல்லாமல் கட்டுப்படுத்தும். உரிமையாளர் பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். வண்டிக்கு வலிவில்லை என்று குறைகூறினர். சிலர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டனர். இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகளும், காற்றோ நீரோ எல்லைமீறிச் சூடானால் அழுத்தத்தைத் தாமே குறைத்துவிடுகின்றன. அக்கட்டளையை அழித்துவிடுவதன்முன், அது எதைக் கண்டு பிறந்தது என்று கேட்க வேண்டும்.

இவையனைத்தும் சரியாயிருந்து குறை நீடித்தால், எஞ்சினைப் பிரித்துக் கோத்தவரின் கைவேலையைப் பார்க்க வேண்டியதுதான். டைமிங் பெல்ட் ஒரே ஒரு பல் தவறி ஏறியிருந்தாலும் எஞ்சின் இயங்கும், மெதுவாக ஓடும்போது குறை தோன்றாமலும் இருக்கலாம். ஆனால் வால்வுகள் காலந்தவறித் திறப்பதால் திறன் குன்றும். குறிகளைப் பொருத்திப் பார்த்தபின், சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுதல் நலம். ஒரு சிலிண்டர் மற்றவற்றினும் வெகுவாகத் தாழ்ந்திருப்பின், அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் குற்றம் பிஸ்டன் வளையங்களில். உயராவிடில் வால்விலோ கேஸ்கெட்டிலோ.