உங்களுக்குத் தெரியுமா? பேராக்கிலிருந்து உலகுக்குப் போன மூளை அலைகள்
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஜெலாப்பாங்கிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில், ஸ்ரீ இஸ்கந்தாரில் இருக்கிறது பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயாளிகள் 34 பேர், நலமானவர்கள் 30 பேர் ஆகியோரின் ஈஈஜி என்ற மூளை அலைப் பதிவுகளை 2016இல் இணையத்தில் பொதுவில் வைத்தார்கள். தலையில் 19 மின்முனைகள். கண்ணை மூடி 5 நிமிடம், திறந்து 5 நிமிடம். பதிவு மட்டும் நடந்தது கிளந்தான் மாநிலத்தில்.

இந்தப் பதிவுகள் 1992இல் ஐரோப்பாவில் வகுத்த ஈடிஎஃப் என்ற கோப்பு வடிவில் இருப்பதால், எந்த நாட்டு ஆய்வகமும் இவற்றைத் திறந்து படிக்கலாம். அந்த வடிவில், கோப்பின் தொடக்கத்திலேயே நோயாளி விவரத்துக்கென 80 எழுத்து இடம் உண்டு. பகிர்வதற்கு முன் அங்கிருக்கும் பெயரை நீக்கியே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இப்படிப் பகிரும் ஈஈஜி தரவுக்கு, கோப்புக்குப் பெயரிடுவது முதல் அடுக்குவது வரை வரையறுத்த ‘ஈஈஜி-பிட்ஸ்’ முறை, இந்தப் பதிவுகள் வெளியான பிறகு 2019இல்தான் வந்தது.