உழைக்கும் இருதயத்தின் படம்

வண்டிமாட்டின் வலிமை தொழுவத்தில் விளங்குவதில்லை. பாரம் ஏற்றி மேட்டில் செலுத்தும்போதே விளங்குகிறது. இருதயமும் அத்தகையதே. இருதயத் தசைக்கு இரத்தம் கொணரும் குழாயொன்று பாதிக்குமேல் குறுகியிருப்பினும், ஓய்வு வேளையில் போதிய இரத்தம் வந்து சேரக்கூடும். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும்.

ஆகவே, மருத்துவர் நோயாளியை டிரெட்மில் என்னும் நகரும் பட்டையின்மீது நடக்கச் செய்கிறார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறைப்படி, மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படுகின்றன. நடக்க இயலாதவர்க்கு மருந்து செலுத்துவர். உழைப்பு உச்சத்தை அடையும் தருணத்தில், சிறிதளவு கதிரியக்கப் பொருள் இரத்தத்தில் செலுத்தப்படுகிறது. 1970-களில் இதற்குத் தாலியம் பயன்பட்டது. பின்னர் டெக்னீசியம் கலந்த பொருள்கள் பெருவழக்காயின. இரத்தம் மிகுதியாகச் சென்ற தசையில் இப்பொருளும் மிகுதியாகத் தங்கும். குறைவாகச் சென்ற இடம் காமா கேமராவின் படத்தில் மங்கித் தோன்றும்.

உழைப்பில் மட்டும் காணும் மங்கல், உயிருள்ள தசை இரத்தமின்றித் தவிப்பதைக் குறிக்கும். ஓய்விலும் நீங்காத மங்கல், பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பாகும்.

இப்படம் வருங்காலத்தையும் உணர்த்துமா? நோயாளிகள் பலரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து அறிஞர்கள் விடை கண்டனர். படத்தில் குறையில்லாதோருள், ஓராண்டில் மாரடைப்போ இருதய நோயால் மரணமோ எய்துவோர் பொதுவாக நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. மங்கல் பரவப் பரவ, இடரும் பெருகுகிறது. எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது என்பதும் ஒரு முக்கியக் குறியே.

அங்ஙனமாயின், மங்கல் கண்டவுடன் அடைப்பை நீக்கினால் ஆயுள் நீளும் என்றுதானே தோன்றும்? இதனை ஆராய்ந்தது ‘இஸ்கீமியா’ என்னும் பெருஞ்சோதனை. உழைப்புச் சோதனையில் மிதமான அல்லது கடுமையான பற்றாக்குறை காணப்பெற்ற 5,179 பேர், இந்தியா உள்ளிட்ட 37 நாடுகளிலிருந்து இதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சை. மற்றப் பிரிவினர்க்கு முதற்கண் மருந்து மட்டும். 2020-இல் வெளியான முடிவின்படி, சுமார் மூன்றாண்டுக் காலத்தில் மரணமும் மாரடைப்பும் இரு பிரிவிலும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. அடிக்கடி நெஞ்சுவலியால் வருந்தியோர்க்கு முதற்பிரிவில் கூடுதல் நிவாரணம் கிட்டியது. அண்மையில் மாரடைப்பு நேர்ந்தவர்களும், இடப்பக்க முதன்மைக் குழாயில் அடைப்புடையோரும் இச்சோதனையிற் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது.

மாணவ நண்பர்களே, இடரை முன்னறிவது ஒன்று. அதனைக் குறைக்கும் வழியறிவது மற்றொன்று. முன்னதைப் படம் சொல்லும். பின்னதைச் சோதனையே சொல்ல வேண்டும். மேலும், படம் உரைப்பது நூறு பேரைப் பற்றிய கணக்கேயன்றி, ஒருவரின் தலைவிதியன்று. புகையை விலக்கி, இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அடக்கி, மருந்தைத் தவறாது உண்பவர் அக்கணக்கைத் தமக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ள இயலும்.