மாமியாரும் மெயின் பட்டையும்

எங்கள் வீட்டு அம்பாஸிடர் காருக்குச் சில மாதங்களாக இடது பக்கம் ஒரு சாய்வு. பின் ஸீட்டில் என் மாமியாரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறிவிட்டால் போதும், டயர் மட்கார்டில் உரசிக் 'கிரீச்' என்று கத்தும். அரிசியின் கனம்தான் காரணம் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்!

இவர் காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மெயின் பட்டை முறிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாமே மாற்றிவிடலாம்" என்றார். 'நாமே' என்றதும் எனக்குப் பகீரென்றது.

கிராமத்து வில் வண்டியில் போயிருக்கிறீர்கள் அல்லவா? அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த எஃகு வில்தான் இதுவும். 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாஸிடருக்குப் பின்பக்கம் இந்த வில்தான். நீளப் பட்டை மேலே, குட்டைப் பட்டைகள் வரிசையாகக் கீழே, நடுவில் ஒரு போல்ட்.

"முறிந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"சூடு பட்டால் எஃகின் உரம் போய்விடும். மறுபடியும் முறியும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டாலும் வண்டி கோணும்."

ஆக, இரண்டு வில். இரண்டாவதற்குப் பணம் என் கடுகு டப்பாவிலிருந்து வந்தது.

சனி இரவே துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். காலையில் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை. வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு, பின் அச்சில் ஜாக் கொடுத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றியதும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழையப் போனார்.

"நில்லுங்கள்! ஜாக்கை நம்பியா?"

"பத்து நிமிஷ வேலை!"

"பத்து நொடியானாலும் கூடாது."

செங்கல் அடுக்கலாமா என்றார். செங்கல் நொறுங்கும் என்று அதையும் மறுத்தேன். தெருக்கோடி மெக்கானிக்கிடம் பையனை அனுப்பி இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் வாங்கி வரச் செய்தேன். காரின் உடல் அவற்றின்மேல் உட்கார்ந்தது. ஜாக் அச்சை மட்டும் தாங்கியது. அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், எண்ணெய் கசிந்து ஜாக் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. கார் அசையவில்லை. இவர் ஜாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசாமல் போய் வேறு ஜாக் இரவல் வாங்கி வந்தார்.

யூ போல்ட்டுகளைக் கழற்றி, இரு முனைகளையும் விடுவித்ததும் பழைய வில் வெளியே வந்தது. புதிய வில்லின் நடு போல்ட் தலை அச்சின் குழிக்குள் சரியாக அமர வேண்டுமாம்; இல்லையேல் அச்சு கோணிவிடும். டார்ச் பிடித்தது நான். முனை போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது சக்கரங்கள் தரையில் பதிந்த பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நாள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார்.

உங்கள் வீட்டில் இருப்பது சுருள் ஸ்பிரிங் வைத்த காரானால் இந்த விஷப் பரீட்சை வேண்டாம். மாருதி 800 போன்றவற்றின் முன்பக்கம் அந்த வகைதான். காரைத் தூக்கிய பிறகும் சுருள் அமுங்கியே இருக்கும். அதை அடக்கிப் பிடிக்கும் கருவியில்லாமல் மேல் நட்டைக் கழற்றினால், துள்ளிப் பாய்ந்து எலும்பை முறித்துவிடும்.

மாலையில் மாமியாரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டோம். 'கிரீச்' இல்லை.

"என்னடா இது, வண்டி இவ்வளவு உயரமாகிவிட்டது! ஏறவே முடியவில்லையே!" என்றார் மாமியார்.