21,300 வாக்குகள்: தர்மபுரி தேர்தல் சொல்லும் கணக்கு

"ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தும் ஒருவருக்கு ஓட்டுப் போடுவது வீண்தானே ஹஜ்ரத்?" தேர்தல் வந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். இதற்கு மார்க்கத்தின் பக்கம் ஒரு பதிலும் கணக்கின் பக்கம் ஒரு பதிலும் உண்டு. முதலில் கணக்கைப் பார்ப்போம். அதற்கு 2024 தர்மபுரி நாடாளுமன்றத் தேர்தலே போதும்.

அந்த ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டிலேயே அதிகமாக 81.20 விழுக்காடு வாக்குகள் பதிவானது தர்மபுரியில்தான். திமுகவின் ஆ. மணி 4,32,667 வாக்குகள் பெற்று வென்றார். பாட்டாளி மக்கள் கட்சியின் சௌமியா அன்புமணி பெற்றது 4,11,367. அதிமுகவின் அசோகன் 2,93,629, நாம் தமிழர் கட்சியின் அபிநயா 65,381. திமுக, அதிமுக இரண்டின் அணியிலும் சேராமல் பாஜக கூட்டணியில், அதாவது மூன்றாவது அணியில் நின்றவர் சௌமியா. பாமக முதலில் வேறொருவரை அறிவித்து, பிறகுதான் அவரை நிறுத்தியது. எண்ணிக்கையின் தொடக்கச் சுற்றுகளில் அவரே முன்னிலையில் இருந்தார். முடிவில் 21,300 வாக்குகளில் தோற்றார்.

வென்றவர் பெற்றது நூற்றுக்கு 35 அளவுதான். மீதி 65 பேர் வேறு பெயர்களுக்கு வாக்களித்தவர்கள். பிரான்சில் போல இரண்டாம் சுற்று நம் நாட்டில் கிடையாது. ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அவரே உறுப்பினர். ஆகவே மூன்று அணிகள் மோதும்போது வெற்றிக்கான எல்லை வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. தர்மபுரியில் 10,651 பேர் மணியை விட்டு சௌமியாவுக்கு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். வாக்களித்தவர்களில் இது நூற்றில் ஒருவர்கூட இல்லை.

"அதிமுகவும் பாமகவும் சேர்ந்திருந்தால் ஏழு லட்சம்" என்று அப்போது பலர் கூட்டிப் பார்த்தார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் இதே தொகுதியில் 2014-இல் பாமகவின் அன்புமணி பாஜக அணியில் நின்று 4,68,194 வாக்குகளுடன் வென்றார்; அதிமுக 3,91,048 பெற்று இரண்டாமிடம் வந்தது. கூட்டினால் எட்டரை லட்சத்துக்கு மேல். 2019-இல் இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்றபோது அன்புமணிக்குக் கிடைத்தது 5,04,235 மட்டுமே. 70,753 வாக்குகளில் திமுகவிடம் தோற்றார். தலைவர்கள் கைகுலுக்கியதால் தொண்டனின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விடுவதில்லை. சேர்ந்து நின்று தோற்றதைவிடத் தனித்து நின்று தோற்றபோது வித்தியாசம் குறைவு என்பதையும் கவனியுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் என்ன? 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அதிமுகவின் 11 பேரும் அன்புமணியும் உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் எதிர்த்திருந்தால் 113-க்கு 117 என்று மசோதா விழுந்திருக்கும். அதன் விதிகள் அறிவிக்கப்பட்டது 2024 மார்ச் 11, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன். வேட்பாளர் நல்லவரா, படித்தவரா என்று மட்டும் பார்த்து, டெல்லியில் அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். அதேசமயம், சௌமியாவின் தோல்விக்கு முஸ்லிம் வாக்குதான் காரணம் என்று மார்தட்ட ஆதாரம் எதுவும் இல்லை. அந்த மாவட்டத்தில் நம் எண்ணிக்கை சிறியது.

இனி மார்க்கத்தின் பக்கம். முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்றாகப் பார்த்தார்கள்: சாட்சியம், பரிந்துரை, வகாலத். சாட்சியம் என்ற கோணத்தில், தோற்பவருக்குப் போட்ட வாக்கு வீணல்ல. நீதிபதி ஏற்காவிட்டாலும் உண்மை சொன்ன சாட்சி பொய்யன் ஆகிவிடுவதில்லை அல்லவா? சாட்சியம் ஆளுக்கு ஆள் தனி என்பதையும் நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம். கணவர் சொன்ன சின்னத்தை யோசிக்காமல் அழுத்திவிட்டு வருவது மனைவியின் சாட்சியம் ஆகாது.

பரிந்துரை, வகாலத் என்று வரும்போது விளைவையும் பார்க்க வேண்டும். பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஃபிக்ஹில் தெரிந்த விதி. நாம் தமிழர் வேட்பாளருக்கு விழுந்த 65,381 வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு. ஆனால் செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாததால் அவர் டெபாசிட்டும் போனது. முடிவு முன்பே தெரிந்த தொகுதியில் மனசாட்சிக்குப் பிடித்தவருக்குச் சாட்சி சொல்லலாம், இழுபறித் தொகுதியில் அந்தச் சலுகை குறைவு என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் இருக்கிறார்கள்.

இழுபறியா இல்லையா என்று எப்படித் தெரியும்? தேர்தல் முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்பதைப் படிவம் 20 என்ற பெயரில் வெளியிடுகிறார்கள். கட்சிக்காரர்கள் நம் மஹல்லாவின் சாவடியை அதில் பார்த்துத்தான் அடுத்த முறை வீதிக்கு வருகிறார்கள். 2019, 2024 படிவங்களில் உங்கள் சாவடி எண்ணைத் தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஜமாஅத் கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். இடையில் சாவடி எண் மாறியிருக்கலாம். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.