இருவரும் வருக

பீன்யாத் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நம் நண்பர் மாதக்கணக்காக உறக்கமின்றி, இல்லாளிடம் எரிந்து விழுந்து வந்தார். மந்திரிக்கச் சொன்னோர் பலர். தாயத்துக்கு நாமே பணம் தந்தோம், வெட்கத்துடன் ஒப்புகிறோம்! அம்மையாரோ 14416 என்னும் எண்ணில் பேசினார். 2022-இல் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் தமிழிலும் பேசலாம். மருத்துவரைப் பார்க்கும்படி அங்கே கூறினர்.

ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு, விடுப்பெழுதி, நாமும் உடன் சென்றோம். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று வழியெல்லாம் அஞ்சினார் நண்பர். மருத்துவர் மனைவியையும் அமர்த்தி, இருவரையும் பேசவிட்டுக் கேட்டார். குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்ப்பது புதிதன்று. 1950களிலேயே அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார்.

"ஊரைவிட்டு வந்தபின் இவர் என்னிடம் அமர்ந்து பேசியதே இல்லை" என்றார் அம்மையார். நண்பர் தலைகுனிந்தார். மருந்துச் சீட்டை நீட்டிய மருத்துவர், அடுத்த முறையும் இருவரையும் வரச் சொன்னார்.