சேற்றுக்குள் ஒரு சிவப்பு உளுவை

காவிரி கடல் சேரும் பூம்புகாருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய ஊர்.

கழிமுகச் சேற்றில் வளை தோண்டி வாழும் ஓர் உளுவை மீன், 1801-இல் இந்தத் தரங்கம்பாடியின் மாதிரியைக் கொண்டுதான் அறிவியலுக்கு முதன்முதலில் அறிமுகமானது. அதை விவரித்த நூல் பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் பிளாக் எழுதத் தொடங்கியது. 1799-இல் அவர் இறந்துவிட, ஷ்னைடர் என்ற அறிஞர் அதை முடித்தார். பிளாக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பிவந்தவர் ஜான் என்ற மதபோதகர். கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு அவர் பெயரையே வைத்தார் பிளாக். ஆனால் அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த நம் கடற்கரை மீனவர்களின் பெயர்கள் எனக்குத் தெரிந்து எந்த நூலிலும் இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

மீனுக்கு வருவோம். விலாங்கு போல நீண்ட உடல், இளஞ்சிவப்பு நிறம். பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இருட்டு வளையில் பார்வைக்கு அதிக வேலை இல்லை. கண்கள் கடுகளவு சுருங்கி, தோலால் மூடப்பட்டிருக்கின்றன. முதுகுத் துடுப்பு வால்வரை ஒரே தொடராக ஓடுகிறது. செவுள் மூடிக்கு மேலே இருபுறமும் ஒரு சிறு குழி உண்டு. இந்த மீனை அடையாளம் காண அந்தக் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.